நன்றி மனசுக்குள் இருந்தால் போதாதா?

கேள்வி
2025 ஜனவரி 18, சனி

நான் திருநெல்வேலிக்காரன். எபேனில் கணினி வேலை. மொரீஷியஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன தைப்பூசத்தில் காத்ர்போர்ன் பக்கம் காவடி ஊர்வலம் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. கடவுளுக்கு நன்றி என்பது மனசுக்குள் சொல்வது. அதை அலகு குத்தி, காவடி தூக்கி, நடுரோட்டில் ஊருக்கே தெரியச் சொல்வது எதற்கு? "இதைக் கொடு, அதைச் செய்கிறேன்" என்பது பேரம்தானே? இன்னொன்று. மதத்தைப் பரப்புவது நம் வழக்கம் இல்லை என்கிறோம். அப்புறம் ஏன் போகிற வருகிற எல்லாரையும் கோயிலில் உட்கார வைத்து இலை போடுகிறீர்கள்? அதுவும் ஒருவகைப் பிரசாரம்தானே? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு, இரவு

தம்பி, கோபம் இல்லை. ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் தமிழ் டீச்சர், இப்போது ஓய்வு, சனிக்கிழமை மட்டும் கோயில் வகுப்பு. "பேரம்" என்ற சொல் உறுத்தியது. அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் ஜனவரி 15, பெலால் புயல் வந்த நாள். நீங்களும் இங்கே இருந்திருப்பீர்கள். புயல் பக்கத்துத் தீவான ரேயூனியன் பக்கம் போகிறது, நமக்கு ஓரக் காற்றுதான் என்று நினைத்து எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். என் மகன் தலைநகர் போர்ட் லூயியில். மத்தியானத்துக்குள் அங்கே தெருவெல்லாம் ஆறாகிவிட்டது. கார்கள் மிதந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைக் கைபேசியில் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக் கார் அவனுடையது மாதிரியே இருந்தது. அவன் எண்ணுக்கு அடித்தால் மணியே போகவில்லை.

பூஜை மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு பாட்டும் வரவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பதிகம் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஒரு வரி வாயில் வரவில்லை. "முருகா, அவனைக் கொண்டுவந்து சேர்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரம் வாசலில் வந்து நின்றான். காலில் செருப்பு இல்லை. தொடை வரைக்கும் சேறு. காரை விட்டுவிட்டு ஒரு மாடிப்படியில் ஏறி நின்றிருக்கிறான். தண்ணீர் வடிந்ததும் பாதித் தூரம் நடந்து, மீதித் தூரம் யாரோ ஏற்றிக்கொண்ட லாரியில் வந்திருக்கிறான். அவன் குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான், அடுத்த வருடம் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்த பிறகு சொன்னதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது?

போன வருடத் தைப்பூசம் அதற்குப் பத்து நாள் கழித்து, ஜனவரி 25. உடம்பும் மனசும் தயாராக இல்லை, எடுக்கவில்லை. இந்த வருடம் எடுக்கிறேன். 1834-ல் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து நம் ஆட்கள் இந்த ஊரில் செய்துவருவது இது. மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் இன்று இங்கே ஒரு கோபுரம்கூட இருந்திருக்காது.

2025 ஜனவரி 20, திங்கள்

ஒரு திருத்தம். நேற்று 1834 என்று எழுதியது தப்பு. அந்த வருடம் நவம்பர் 2-ஆம் தேதி வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கல்கத்தாவிலிருந்து ஏறியவர்கள், தமிழர்கள் இல்லை. நம் ஆட்களில் சிலர் அதற்கு நூறு வருடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். 1735-ல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள். போர்ட் லூயியின் பழைய கட்டடங்களில் அவர்கள் கை இருக்கிறது. கரும்பு வெட்ட வந்தவர்கள் பிறகு வந்தவர்கள். என் முப்பாட்டனார் அந்தக் கூட்டம். அவர்கள் வந்து இறங்கிய துறையை இன்று அப்ரவாசி காட் என்று உலகப் பாரம்பரியச் சின்னமாக வைத்திருக்கிறார்களே, அங்கே இருக்கும் 16 படியில் ஏறித்தான் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போனபோது ஒவ்வொரு படியாக நின்று எண்ணினார்கள்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

மதுரையிலிருந்து ஒரு சகோதரி, "காவடிக்கு ஏது நன்றி, அது இடும்பன் கதைதானே" என்று எழுதியிருக்கிறார். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அகத்தியர் சொன்னபடி இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே வருகிறான். பழனியில் இறக்கி வைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டை. இடும்பன் விழுகிறான், முருகன் அவனை எழுப்புகிறான். எழுந்தவன் தனக்காக எதுவும் கேட்கவில்லை. தன்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்றுதான் கேட்டான்.

சின்ன வயதில் இதை வீரக் கதையாகக் கேட்டேன். இப்போது அந்தக் கடைசி வேண்டுதல்தான் என்னைப் பிடித்துக்கொள்கிறது. உயிர் திரும்பக் கிடைத்தவன் முதலில் நினைத்தது பின்னால் வரப்போகிற முகம் தெரியாத ஆட்களை. நன்றி இல்லாமல் அது வருமா, சகோதரி?

"நன்றி" என்ற சொல்லே வேடிக்கையானது. பழைய தமிழில் அதற்கு நன்மை என்றுதான் பொருள். ஒருவர் நமக்குச் செய்த நல்லது நன்றி. நாம் செய்ய வேண்டியது அதை அறிவது. அதனால்தான் "செய்ந்நன்றி அறிதல்" என்றார்கள். தேங்க்ஸ் என்பதற்கு வெறுமே "நன்றி" என்று சொல்வது பிறகு வந்த பழக்கம். அறிவது மனசுக்குள் நடக்கலாம் என்று தம்பி சொல்வார். சரிதான். ஆனால் தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? மகன் வந்து நின்ற அன்றிரவு முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வாயில் வந்தது "வந்துவிட்டான்" என்பதுதான்.

2025 ஜனவரி 30, வியாழன்

நேற்று சீனப் புத்தாண்டு. எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் குடும்பம், நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து, காத்தோ லாசீர் கொடுத்தனுப்புகிறார்கள். அரிசி மாவும் சர்க்கரையும் வைத்து அவித்தது, மெழுகு மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும், மேலே எள். சிவப்புத் தாளில் சுற்றி வரும். தீபாவளிக்கு நான் காத்தோ பதாத் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதுதான் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிப்போமே, அது. ஈத் அன்று பின்வீட்டிலிருந்து சவீன் வரும், பாலில் வெந்த சேமியா.

தம்பியின் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தச் சிவப்புத் தாளைப் பிரிக்கும்போது, அவர்கள் சாமியை நான் கும்பிட வேண்டும் என்று நினைத்துத் தந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. அவர்கள் வீட்டில் இன்று நல்ல நாள், அது எனக்கும் தெரிய வேண்டும். கோயிலில் இலை போடுவதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 1, சனி

இன்று எங்கள் கோயிலில் கொடியேற்றம். பத்து நாள் விரதம் தொடங்கியாயிற்று. இங்கே விரதம் என்பதைவிடக் "கரேம்" என்ற சொல்தான் எல்லார் வாயிலும். பிரெஞ்சுக்காரர்கள் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்துக்குச் சொல்லும் சொல் அது. ஊர் மொத்தமும், இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டது. பழக்கடையில் பாட்டியம்மா ஒருவர் என் மஞ்சள் காப்புக் கயிற்றைப் பார்த்து "கரேமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு எலுமிச்சம்பழம் கூடப் போட்டார். கிறிஸ்தவர். கழுத்தில் சிலுவை.

இன்று அடிமை ஒழிப்பு நாள் விடுமுறையும்கூட. 1835 பிப்ரவரி 1. கொடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது லவால் பாதிரியார், இங்கே "பேர் லவால்" என்போம், அவர் நினைவு வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நார்மண்டியில் மருத்துவராக இருந்து பாதிரியார் ஆனவர். 1841-ல் இங்கே வந்தார். விடுதலை கிடைத்தும் கேட்பாரில்லாமல் கிடந்த கறுப்பின மக்களிடம் போனார். முதலில் அவர் செய்த காரியம் அவர்கள் பேசும், பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டது. பெரிய இடத்துப் பிரெஞ்சில் அவர்களுக்குப் போதிக்கவில்லை. அவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் பழக்கினார். 1864 செப்டம்பர் 9-ல் இறந்தார். சேன்த் க்ருவாவில் கல்லறை. ஒவ்வொரு செப்டம்பரும் 8-ஆம் தேதி ராத்திரி தீவின் நாலாபக்கத்திலிருந்தும் சனங்கள் நடந்தே வருவார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர்கள் எல்லாரும். என் அம்மா எனக்குக் காய்ச்சல் குணமானதற்கு அங்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். அங்கிருந்து நேரே கயிலாசம் கோயிலுக்குப் போய்ச் சூடமும் ஏற்றினாள். இரண்டு இடமும் கிட்டத்தில்தான்.

மதம் பரப்பியவர் என்று அவரைச் சொல்லலாம், உண்மைதான். ஆனால் இப்போது என் மனதில் தங்குவது அவர் கிரியோல் கற்ற விஷயம். ஏன் என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன், கோயிலில் பாத்திரம் துலக்க ஆள் கூப்பிடுகிறார்கள்.

2025 பிப்ரவரி 6, வியாழன்

போன சனிக்கிழமை கொடியேற்றம் முடிந்து வகுப்பு வைத்தேன். பதினோரு பிள்ளைகள். காவடிக்குப் பின்னால் பாடிக்கொண்டு வர வேண்டிய பாட்டுகளைப் பழக்கினேன். எல்லார் கையிலும் பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்த தாள். இது இங்கே பல வருடப் பழக்கம். தமிழ் எழுத்து தெரியாது, ஒலியைப் படித்துப் பாடுவார்கள். ராகம் சுத்தமாக வரும், கண் கலங்கும், பொருள் தெரியாது.

ஏழு வயதுப் பையன் ஒருவன் நடுவில் நிறுத்தி, "கி சா வேதீர்?" என்று கேட்டான். என்ன அர்த்தம் என்று. பாடி முடித்தபின் சொல்கிறேன் என்றேன். முடிந்ததும் மறந்துவிட்டேன். கடைசியில் சாமிக்கு முன்னால் கைகூப்பி, ஆளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னேன். எல்லாரும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள். அவன் முறை வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மெர்சி முருகா, பாப்பாவுக்கு வேலை கிடைத்தது" என்றான், முழுக்கக் கிரியோலில். பாப்பா என்றால் இங்கே அப்பா.

நான் அவனைத் திருத்தினேன். "கோயிலில் மெர்சி சொல்லக் கூடாது, நன்றி என்று சொல்" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "நன்றி" என்றான். அதில் ஒன்றுமே இல்லை. பாப்பாவின் வேலையும் இல்லை.

ஐந்து நாளாகத் தூக்கம் சரியில்லை. வெள்ளத்தன்று எனக்கே ஒரு பதிகம் வாயில் வரவில்லை, கையில் கிடைத்த சொல்லைத்தான் நானும் நீட்டினேன். அவன் நீட்டியதைத் தட்டிவிட்டேனே. தமிழ் இந்தத் தீவில் கோயிலில்தான் மிஞ்சியிருக்கிறது, அங்கேயும் விட்டுக்கொடுத்தால் போயே போய்விடும் என்ற பயம் எனக்கு முப்பது வருடமாக உண்டு. அந்தப் பயம் தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் சாமிக்கும் நடுவில் நான் ஏன் போய் நின்றேன்?

இதே பையன்தான் போன மாதம், "முருகன் மயிலை விட்டுட்டு மெட்ரோவில் வந்தால் காத்ர்போர்னிலேயே இறங்கலாமே" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன். அவனுக்கு முருகன் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறான்.

2025 பிப்ரவரி 8, சனி

முதல் குறிப்பை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "இல்லையே, மத்தியானமே சொன்னாயே. அவன் வந்தால் காவடி எடுக்கிறேன் என்று நீ சத்தமாகச் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

ஆகவே தம்பி சொன்னது சரி. பேரம்தான் பேசியிருக்கிறேன். பயத்தில் இருக்கிற தாய் வேறு என்ன செய்வாள். ஆனால் ஒரு வருடம் ஆகிவிட்டது, பயம் போய்விட்டது, எடுக்காமல் விட்டால் கேட்பார் யாரும் இல்லை. இருந்தும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளிக்கிறேன், தரையில் படுக்கிறேன், ஒருவேளை சாப்பிடுகிறேன், ஒவ்வொரு நாளும் மகன் கிளம்பிப் போவதைப் புதிதாகப் பார்க்கிறேன். பேரமாகத் தொடங்கியது அப்படியே நிற்கவில்லை. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நீளமாக எழுதப்போகிறேன். அத்தையைப் பற்றி.

அப்பாவின் கடைசித் தங்கை. இருபது வருடத்துக்கு முன்னால் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். சேர்ந்தது எனக்குப் பிரச்சினை இல்லை. அப்பா இறந்த அன்று, உடல் வாசலில் இருக்கும்போதே, அவரோடு வந்த ஒருவர் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். என் கையிலும் ஒன்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றும் தெரியாது, படிக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை வீட்டுக்கு நான் போகவில்லை. பன்னிரண்டு வருடம்.

தைப்பூசத்தன்று நாங்கள் செத் காரி போடுவோம். ஏழு கறி. கல்யாணத்துக்கும் இதுதான், புரட்டாசி கோவிந்தனுக்கும் இதுதான். பலாக்காய், பூசணி, கத்தரிக்காய், வாழைக்காய், கீரை, பயறு, உருளைக்கிழங்கும் பட்டாணியும். அப்புறம் ரசம், அப்பளம், பாயசம். வாழை இலையில்தான் போட வேண்டும். புயல் காற்றில் எங்கள் பக்கத்து வாழையெல்லாம் கிழிந்து நாராகிக் கிடக்கிறது, சந்தையில் நல்ல இலை இல்லை. அத்தை வீட்டுப் பின்புறம் மலையடிவாரம், காற்று படாது. மகன்தான், "போய்க் கேளுங்கள் அம்மா, இலைதானே" என்றான்.

நேற்று மத்தியானம் போனேன். கதவைத் திறந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். சர்க்கரை நோயில் அந்தக் காலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவர் இலையை நறுக்கிக் கொடுக்கக் கொடுக்க, நான் ஈரத்துணியால் துடைத்து அடுக்கினேன். அப்படியே அவர் சாட்சி சொல்ல ஆரம்பித்தார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன ஜெபித்தார், புண் எப்படிக் காய்ந்தது, முதல் நாள் கீழே கால் வைத்தபோது தரை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சபையில் எழுந்து நின்று இதைச் சொல்கிறேன். உன்னிடம் சொல்லணும் சொல்லணும் என்றே இருந்தேன், நீதான் வரவில்லை" என்றார். என்னை மாறச் சொல்லவில்லை. நானும் மகன் வந்து சேர்ந்த கதையைச் சொன்னேன். "தேவன் நல்லவர்" என்றார். நான் "ஆமாம் அத்தை" என்றேன்.

நூற்றிருபது இலை கட்டினோம்.

அவர்கள் படையல் சாப்பிடமாட்டார்கள். அதனால் ஒரு யோசனை. செவ்வாய்க்கிழமை சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே ஒவ்வொரு தேக்சாவிலிருந்தும் அவருக்குத் தனியாக எடுத்து வைத்துவிடலாம் என்று. இது சரியா? வீட்டில் இரண்டு கருத்து. சாமிக்கு முன் மனுஷருக்கா என்று மாமியார் கேட்கிறார்.

2025 பிப்ரவரி 12, புதன்

நேற்று காவடி எடுத்தேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. நாக்கு வீங்கியிருக்கிறது. எழுத மட்டும் முடிகிறது.

விடியும் முன் ஆற்றங்கரை. குளித்து, மஞ்சள் பூசி, விபூதி. நாக்கில் சின்ன வெள்ளி அலகு ஒன்றுதான். அலகு ஏறிவிட்டால் கோயிலில் எடுக்கும் வரை பேச்சு கிடையாது. காவடியை மகனும் அவன் நண்பர்களும் கட்டினார்கள், பூவும் தென்னங்குருத்தும் எலுமிச்சையும் மயிலிறகும். இரண்டு பக்கமும் பால் சொம்பு. கோர் தெ கார்ட் மலை பக்கவாட்டில் கூடவே வந்தது.

பத்து மணிக்குமேல் தார் ரோடு கொதிக்க ஆரம்பித்தது. பிப்ரவரி இங்கே கோடையின் உச்சம். பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றி நடந்தால் கொஞ்சம் தேவலாம், ஆனால் காவடி முன்னால் சாய்கிறது. சந்தைக்கு முந்திய திருப்பத்தில் இனி முடியாது என்று தோன்றியது. அப்போது காலுக்கடியில் குளிர்ச்சி. தலையைத் திருப்ப முடியாது, கண்ணை மட்டும் ஓட்டினேன். எங்கள் பின்வீட்டு முஸ்லிம் பையன் தோட்டக் குழாயை நீளமாக இழுத்துவந்து ரோட்டை நனைத்துக்கொண்டு நின்றான். எனக்கு மட்டும் இல்லை, வருகிற எல்லாருக்கும். தண்ணீர் பட்டதும் தாரிலிருந்து ஆவி எழுந்தது. அவன் என்னை அடையாளம் கண்டு குழாயைத் தாழ்த்தி என் பாதத்துக்கு நேரே மெதுவாகப் பிடித்தான்.

மெர்சி சொல்ல வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். எதுவும் சொல்ல முடியாது, நாக்கில் அலகு. கை இரண்டும் காவடியில். நன்றி சொல்லக் கிளம்பி வந்தவள், நன்றி சொல்ல முடியாமல் அவனைக் கடந்து போனேன்.

கோயில் வாசலில் வகுப்புப் பிள்ளைகள் பாடிக்கொண்டு நின்றார்கள். பால் திரியாமல் போய்ச் சேர்ந்தது. முருகன் திருமேனியில் ஊற்றும்போது அந்தச் சின்னப் பையன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அலகை எடுத்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "மெர்சி முருகா". திட்டமிட்டுச் சொல்லவில்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

சாப்பாடு மூன்று மணி வரை ஓடியது. சீனக் கடைக்காரர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பலாக்காய்க் கறியை மறுபடி கேட்டார்.

அத்தைக்குத் தனியாக எடுத்து வைத்தேன், படைக்கும் முன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயசத்தை மட்டும் எடுக்க மறந்தேன். மாலையில் மகன் கொண்டுபோனான். ஆறு கறியும் காலி, ரசம் காலி, கீரை மட்டும் மிச்சம் என்று பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். அத்தைக்குக் கீரை பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே.

2025 பிப்ரவரி 15, சனி

"பால் திரியாமல் போவதுதான் சாமி ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படித்தான் நம்புகிறோம். ஆனால் ஒன்றை மறைத்து எழுதியிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் என் நாத்தனார் பெண்ணின் சொம்பில் பால் திரிந்துவிட்டது. பதினாறு வயது. விரதத்தில் ஒரு குறையும் இல்லை, நானே பார்த்தேன். கோயில் வாசலில் நின்று தேம்பினாள். கூட்டத்தில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நானும் என்ன தப்பு செய்தாளோ என்று மனசுக்குள் நினைத்தேன், அதுதான் இப்போது வலிக்கிறது. பூசாரி ஐயா சொம்பைக் கையில் வாங்கி, மறு பேச்சில்லாமல் அந்தத் திரிந்த பாலையே அபிஷேகம் செய்தார். "வெயிலுக்குப் பால் திரியும். இவள் நடந்தது திரியுமா?" என்றார். பன்னிரண்டு மணி வெயிலில் எத்தனை மைல் நடந்துவந்த பால் அது.

2025 பிப்ரவரி 23, ஞாயிறு

சிவராத்திரி புதன்கிழமை. கிராந் பாசான் என்ற புனித ஏரிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் ரோட்டில் போகிறார்கள். பெரும்பாலும் போஜ்புரி, இந்தி வழி வந்த குடும்பங்கள். நேற்று ராத்திரி நானும் மகனும் வாசலில் மேசை போட்டு எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் கொடுத்தோம். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு என் தலையில் கைவைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். என்னைவிட முப்பது வயது இளையவள்.

தம்பியும் வந்திருந்தார், எபேனிலிருந்து. கேள்வி கேட்ட அதே தம்பிதான். ஐஸ் கட்டி உடைத்துக் கொடுத்தார். கேள்வியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

2025 மார்ச் 9, ஞாயிறு

கோயில் பாட்டுத் தாளை மாற்றி எழுதிவிட்டேன். இடது பக்கம் தமிழ் எழுத்து, நடுவில் பிரெஞ்சு எழுத்தில் ஒலி, வலது பக்கம் கிரியோலில் பொருள். ஒரு பாட்டுக்கு மூன்று மாலை பிடித்தது. "அருள்" என்பதற்குக் கிரியோலில் என்ன எழுதுவது என்று அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சபையில் பாடுகிற சொல் "லாக்ராஸ்" என்றார். அதையே எழுதினேன். நிர்வாகத்தில் ஒருவர், கிரியோலைக் கோயிலுக்குள் கொண்டுவருகிறீர்களே என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, முப்பது வருடம் என் வருத்தமும் அதுதான். ஆனால் நேற்று வகுப்பில் வலது பக்கத்தைப் படித்த பிள்ளைகள் தாங்களாகவே இடது பக்கம் போய், அருள் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினார்கள். முதல் முறையாகத் தமிழ் எழுத்தைத் தேடிப் போகிறார்கள்.

2025 ஏப்ரல் 5, சனி

காவடி முடிந்த பத்தாம் நாள், நாக்கு ஆறியதும், பின்வீட்டுப் பையனைப் போய்ப் பார்த்தேன் என்பதை எழுத விட்டுவிட்டேன். கதவைத் தட்டி, "அன்றைக்குத் தண்ணீர் பிடித்தாயே, சொல்ல முடியவில்லை" என்றேன். கூச்சப்பட்டு, "தார் கொதிச்சுது டீச்சர்" என்று மட்டும் சொன்னான். மூன்றாம் வகுப்பில் என் பள்ளியில் படித்தவன், உருது வகுப்பு.

ஈத் அன்று அவனே சவீன் கொண்டுவந்தான். மூடியைத் திறந்தால் முந்திரியும் திராட்சையும் வழக்கத்தைவிட அதிகம். அவன் அம்மாவுக்கு நோன்பில் உடம்பு சரியில்லாமல் போய், இப்போது தேறிவிட்டாராம். "அல்லாவுக்கு ஷுக்ர் சொல்லி அம்மா கூடுதலாப் போட்டாங்க" என்றான். நான் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டில் வேறொன்றும் இல்லை, அத்தை கொடுத்தனுப்பிய ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன்.